ஆயுத பூஜைக்கு லீவு எடுத்த கோளாறு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், ஆறு இலக்க எண் ஒன்றிலிருந்து வந்தது என்றுதான் சொல்வேன். அந்த எண் மூன்று நிமிடத்துக்கு முன்னால் என் கைபேசிக்கு வந்தது. அதைக் கேட்டு வாங்குவதற்காக சசிரேகா என்ற பெண் கீழே கேட்டருகில் ஸ்கூட்டரில் சாய்ந்து நிற்கிறாள். எங்கள் வீட்டு இன்டர்நெட்டைச் சரிபார்க்க வந்த டெக்னீஷியன் அவள். "கண்ணாடிய எங்கயோ வச்சிட்டேம்மா, எடுத்துனு வரேன்" என்று சொல்லிவிட்டு, மாடிக்கு ஏறிவந்து, கணினி முன்னால் உட்கார்ந்து இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடி என் மூக்கின்மேல்தான் இருக்கிறது. அதை அவளும் பார்த்தாள்.

எண்ணை மட்டும் சொன்னால் போதாது, காரணமும் சொல்ல வேண்டும். இணைப்பு ஏன் அறுந்தது? அவளுடைய செயலியில் இதற்கு இரண்டே பதில்கள்: 'எங்கள் தரப்பு', 'வாடிக்கையாளர் தரப்பு'. நான் முதலாவதைச் சொன்னால், ஒரே வீட்டில் ஒரே கோளாறு மூன்றாவது முறை என்று பதிவாகும். அப்படிப் பதிவானால் நாளையிலிருந்து அவளுக்கு வேலை இல்லை. இரண்டாவதைச் சொன்னால் அவள் வேலை தங்கும். ஆனால் அதற்கு ஒரு விளக்கம் எழுத வேண்டும். அந்த விளக்கம் என் மகள் ஷெர்லினுக்குப் போகும், ஏனென்றால் இணைப்பு அவள் பெயரில் இருக்கிறது. பகலில் வீட்டுக் கதவைத் திறப்பவன் நான் என்பதால் கைபேசி எண் மட்டும் என்னுடையது.

அந்த ஆறு இலக்கம் முப்பது நிமிடம் செல்லும். இப்போது மீதி இருபத்தாறு.*

* இருபத்தாறு நிமிடத்தில் ஒரு கதையை எழுத முடியுமா என்று கணக்குப் பார்க்கும் வாசகருக்கு: பாதிக்குமேல் முன்பே எழுதி வைத்ததுதான். இப்போது வெட்டி ஒட்டுகிறேன். எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறேன் என்பதையும் மறைக்காமல் காட்டுகிறேன்.

2

மூன்று வாரமாக நான் எழுதிக்கொண்டிருந்தது வேறு கதை.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் தரக் கட்டுப்பாட்டில் இருந்தேன். பெயர் சூசைராஜ். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றவர்கள் சிலர் தோட்டம் போடுவார்கள், சிலர் வீட்டில் இருப்பவர்களைப் படுத்துவார்கள். நான் இரண்டாவதோடு சேர்த்துக் கதையும் எழுதத் தொடங்கினேன். ஒரு சிற்றிதழ் நாலு கதைகளைப் போட்டது. ஐந்தாவதாக, வீட்டு இன்டர்நெட் சேவையின் லட்சணத்தைக் கிழிகிழியென்று கிழிக்கும் ஓர் அங்கதக் கதை தருவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு எழுதிப் பார்த்த தொடக்கங்கள் இவை.

முதல் தொடக்கம்: "ஒரகடம் சாலையில் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் லாரி ஒவ்வொன்றும் எங்கள் ஊரைக் கடக்கும்போது, எங்கள் வீட்டு இணைப்பு ஒருமுறை செத்துப் பிழைத்தது. அவ்வளவு இரும்பு நகர்ந்தால் பாவம் அந்த அலைகள் என்ன—"

[கைவிட்டேன். லாரிகள் நாள் முழுக்கப் போகின்றன. எங்கள் இணைப்பு மதியம் மட்டும்தான் சாகிறது.]

இரண்டாம் தொடக்கம்: "பக்கத்து வீட்டு டில்லிபாபு, மாடித் தகரத்தில் வெயில் இறங்காமலிருக்க, ஏதோ கம்பெனி இயந்திரத்தைச் சுற்றி வந்த வெள்ளித்தாளை ஸ்கிராப் கடையில் வாங்கி ஒட்டியதிலிருந்து—"

[கைவிட்டேன். அந்தத் தகரம் எங்கள் வீட்டுக்கு மறுபக்கம் இருக்கிறது. தவிர, இந்தத் தெருவில் என் கதைகளைப் படித்ததாகச் சொல்லும் ஒரே மனிதர் டில்லிபாபு.]

மூன்றாம் தொடக்கம்: "சசிரேகா என்ற அந்த டெக்னீஷியனுக்கு வேலை தெரியாது."

[இதைக் கைவிடவில்லை. மூன்று வாரம் கதை இதன்மேல்தான் ஓடியது.]

3

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு படப்பைக்கும் மணிமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிறது. கீழே ஹால், சமையலறை, நானும் என் மனைவி ரோஸியும் படுக்கும் அறை. மேலே ஷெர்லினின் அறை, அதையொட்டி நான் எழுதும் சின்ன அறை. ஷெர்லின் ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து திரும்பி வந்தாள். வீட்டிலிருந்தே வேலை, தினமும் மதியம் இரண்டே முக்காலுக்கு மீட்டிங்.

ஹாலில் இருந்த ஒரு பெட்டி மாடிக்குப் போதவில்லை. அதனால் செப்டம்பர் முதல் வாரத்தில் சசிரேகா வந்து மூன்று பெட்டிகள் வைத்தாள். ஹாலில் ஒன்று, மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒன்று, ஷெர்லின் அறையில் ஒன்று. கீழ்ப் பெட்டி நடுப் பெட்டிக்குக் கொடுக்கும், நடுப் பெட்டி மேல் பெட்டிக்குக் கொடுக்கும். பந்தியில் சாம்பார் வாளி கைமாறிப் போகிற மாதிரிதான். நடுவில் ஆள் இல்லாவிட்டால் கடைசி இலைக்குச் சாம்பார் வராது. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், அந்த நேரத்திலும் ஷெர்லினின் கைபேசியில் சிக்னல் கோடுகள் முழுசாகத்தான் நிற்கும். மேல் பெட்டி பக்கத்திலேயே இருக்கிறதே. கோடுகள் இருக்கும், ஓர் எழுத்து நகராது.

வைத்த மறுநாளிலிருந்தே மதியம் இரண்டரைக்கு அறுந்தது. ஆறு மணி வாக்கில் தானாக வந்தது. ஷெர்லின் மீட்டிங்குக்காக மொட்டை மாடியில் குடையைப் பிடித்துக்கொண்டு, கைபேசி டேட்டாவில் பேசினாள். அவள் மேலதிகாரி, பின்னால் தெரிவது என்ன தொழிற்சாலை என்று விசாரித்தாராம்.

புகார் கொடுத்தோம். மறுபடி சசிரேகாவே வந்தாள். காலை பதினொரு மணிக்கு வந்தாள், இணைப்பு பிரமாதமாக ஓடியது. ஏதோ மாற்றிவிட்டுப் போனாள். மதியம் அறுந்தது. இரண்டாவது புகார். காலை பத்து மணிக்கு வந்து நடுப் பெட்டியையே மாற்றினாள். மதியம் அறுந்தது.

4

இந்த இடத்தில் என் அங்கதக் கதையின் பாத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் நான் எழுதியபடி நடந்துகொள்ள மறுத்தாள். என் பிரதியையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

"அவள் ஷூவைக் கழற்றி மூலைக்கொன்றாய் எறிந்தாள்." [பொய். சுவரோடு ஒட்டி, முனை வாசலைப் பார்க்க, ஜோடியாக வைத்தாள்.]

"கழற்றிய திருகாணிகளைத் தரையில் இறைத்தாள்." [பொய். கைக்குட்டையை விரித்து, கழற்றிய வரிசையிலேயே அடுக்கினாள். தரக் கட்டுப்பாட்டுக்காரனான எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.]

"கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை." [உண்மை. ஆனால் நான் கேட்ட கேள்வி, "நீ டிப்ளமாவா, வெறும் ஐடிஐயா?"]

அந்த இரண்டாவது புகாருக்கு வந்தபோதுதான், திருகாணி வரிசையைப் பார்த்துவிட்டு விசாரித்தேன்.

"இப்படி அடுக்கறது எங்கம்மா கத்துக்கின?"

"லைன்ல இருந்தேன் சார். ஃபோன் கம்பெனி. போர்டு ஃபிட்டிங். நாலு வருஷம்."

"நல்ல வேலையாச்சே. ஏன் வுட்டுட்ட?"

"நான் எங்க சார் வுட்டேன்? ஒரு லாட்டு ரிட்டன் வந்துச்சு, ஸ்க்ரூ லூஸுன்னு. ஒய்-ஒய் ஷீட் போட்டாங்க. அஞ்சாவது கட்டத்துல ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு எழுதி இருந்துச்சு. அந்த ஆபரேட்டர் நான்தான்னு கேட்டுல பாஸ புடுங்கசொல்லதான் சார் எனக்கே தெரியும்."

அதற்கப்புறம் ஒன்றரை வருடம் வீட்டில் இருந்ததையும், பிறகு இந்த வேலை கிடைத்ததையும் சொன்னாள். "இந்த ஏரியாவுல பொம்பள டெக்னீஷியன் நான் ஒருத்திதான் சார். பொம்பளைங்க தனியா கீற வூடுன்னா என்னத்தான் கேட்டு கூப்புடுவாங்க. வண்டிய எடுத்துகினு நானா ரூட்டு போட்டுகினு போறேன். இது புட்ச்சிருக்கு சார்."

தெரியாதவர்களுக்கு: ஒய்-ஒய் ஷீட் என்பது ஒரு தாள். இந்தப் பக்கத்துக் கம்பெனிகள் எல்லாவற்றிலும் உண்டு. கோளாறு வந்தால் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டு, ஐந்து கட்டத்தை நிரப்பி, ஐந்தாவதில் மூல காரணத்தை எழுத வேண்டும்.

அவளை வேலையைவிட்டு அனுப்பிய கம்பெனி எங்கள் கம்பெனிதானா, அந்தத் தாளை எழுதியது இந்தக் கைதானா என்று உங்களுக்கு ஆவல் வந்திருக்கும். இல்லை. அவளுடையது வேறு கம்பெனி. என்னுடையதாக இருந்திருந்தால் கதைக்கு எடுப்பாக இருந்திருக்கும். மாற்றி எழுதலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் நான் எழுதிய தாள்களில் வந்த ஆபரேட்டர்களும் எங்கேயோ இருப்பார்கள். அவர்கள் பெயரை நான் தெரிந்துகொண்டதே இல்லை.

5

இரண்டாவது புகாருக்கு அவள் வந்ததற்கு அடுத்த நாளும் மதியம் அறுந்தது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, இன்டர்நெட் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். என் தொழில்முறைப்படி, தாளோடு.

ஏன் 1: இணைப்பு ஏன் அறுகிறது? – மேல் பெட்டிக்கு நடுப் பெட்டியின் தொடர்பு போகிறது.
ஏன் 2: ஏன் போகிறது? – நடுப் பெட்டி வேலை செய்யவில்லை.
ஏன் 3: ஏன் வேலை செய்யவில்லை? – சரியாகப் பொருத்தப்படவில்லை.
ஏன் 4: ஏன் சரியாகப் பொருத்தப்படவில்லை? – தேர்ந்தெடுத்த இடம் தவறு.
ஏன் 5: இடம் ஏன் தவறாயிற்று? – டெக்னீஷியனின் கவனக்குறைவு.

முதல் இரண்டு கட்டமும் சரி. மூன்றாவதிலிருந்து புனைகதை.

கதை எழுதுகிறவனுக்கு வரிசையை மாற்றும் வசதி உண்டு. தாளை முன்னால் வைத்து, அவள் தன் கதையைச் சொன்னதைப் பின்னால் வைத்திருந்தால், பாவம், தெரியாமல் எழுதிவிட்டான் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அப்படி ஒரு பிரதியும் இந்தக் கணினியில் இருக்கிறது. உண்மையான வரிசை நீங்கள் படித்த இதுதான். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அடடா" என்றும் சொல்லிவிட்டு, மறுநாளே அதே கட்டத்தில் அதே வார்த்தையை எழுதினேன். இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஐந்தாவது கட்டத்தில் இன்ஜினியர் என்றோ மேனேஜர் என்றோ எழுதிப் பழகாத கை.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. 'தங்களின் விரிவான ஆய்வுக்கு நன்றி. மீண்டும் ஒருமுறை நேர்ந்தால் சம்பந்தப்பட்ட ஊழியர்மீது நடவடிக்கை எடுக்கப்படும்.' அதை ரோஸிக்கு வாசித்துக் காட்டினேன்.

"அந்தப் பொண்ணு நல்லாத்தானே வேல செஞ்சுது?" என்றாள் ரோஸி.

"நல்லா செஞ்சா ஏன் புட்டுக்குது?"

"அது இன்னாவோ. சாயங்காலம் மாதாவுக்கு வெளக்கு போட்டா வந்துடுது. மாதா புண்ணியம்."

நான் சிரித்தேன். படித்தவன் சிரிக்கிற சிரிப்பு அது.

6

[இந்தப் பகுதியை இரண்டு முறை அழித்தேன். மீதி பதினான்கு நிமிடம்.]

எங்கள் கம்பெனியில் ஜப்பான்காரர்கள் ஒரு பழக்கம் கொண்டுவந்தார்கள். ஷிஃப்ட் முடிந்து போகும்போது, தன் இடத்தில் இருக்கும் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்து, சுட்டுவிரலை நீட்டிக் காட்டி, வாய்விட்டு "ஆஃப், ஓகே" என்று சொல்ல வேண்டும். முதலில் வெட்கமாக இருக்கும். ஆறு மாதத்தில் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. என் கடைசி ஆறு வருடமும் முதல் ஷிஃப்ட். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டரை.

ஓய்வு பெற்ற பிறகும் இரண்டரை மணிக்கு என் கால்கள் தாமாக எழுந்துகொள்கின்றன. ஹால் ஃபேன், ஆஃப், ஓகே. டிவி, ஆஃப், ஓகே. மாடிப்படி திரும்பும் இடத்தில் வேளாங்கண்ணி மாதா படம், அதற்கு ஒரு சின்ன நீல பல்பு. பகலில் எரிவானேன்? படத்துக்குக் கீழே இருக்கும் எக்ஸ்டென்ஷன் போர்டை அணைத்து, ஆஃப், ஓகே. ஆறு மணி ஜெபத்துக்கு மறுபடி போடுவது. ஞாயிற்றுக்கிழமை இந்த ரவுண்டு கிடையாது. கம்பெனி விடுமுறை நாட்களிலும் கிடையாது. சமையலறையில் தொங்கும் காலண்டர் இன்னும் எங்கள் கம்பெனியினுடையதுதான். வேறு காலண்டரை நம்பி லீவு எடுக்க எனக்கு வராது.

செப்டம்பரில் சசிரேகா நடுப் பெட்டியை அந்த மாதா படத்துக்கு மேல் பலகையில் வைத்து, கம்பியை அந்த எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினாள். செருகுவதற்கு முன்னால் என்னிடம் கேட்டாள்.

"சார், இந்த பாயிண்ட்டு எப்பவும் ஆன்லயே கீதா? யாரும் ஆஃப் பண்ண மாட்டீங்களே?"

"எப்பவும் ஆன்லதாம்மா இருக்கும்" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. தினமும் செய்கிற வேலை மனதில் ஒரு செயலாகவே பதிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவள் கேட்டாள், நான் சொன்னேன். அவள் கவனக்குறைவு எதுவும் இதில் இல்லை.

ரோஸி மாதா புண்ணியம் என்று சொன்ன நாளைக்கு மூன்றாம் நாள், மாலை ஆறு மணிக்கு அந்த போர்டைப் போட்டேன். நீல பல்பு எரிந்தது. அதற்கு மேலே பெட்டியில் ஒரு சிவப்புப் புள்ளி கண் விழித்து, சிமிட்டி, வெள்ளையாயிற்று. மாடியிலிருந்து ஷெர்லின், "டாடி, நெட் வந்துடுச்சு" என்று கத்தினாள். ரோஸி சிலுவை போட்டுக்கொண்டாள். நான் நீட்டிய விரலை மடக்க மறந்து நின்றேன்.

அன்றே ஷெர்லினிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வரி மின்னஞ்சல் போதும். மறுநாள் இரண்டரைக்கு மறுபடி அணைத்தேன். கோளாறை மறுபடி உண்டாக்கிப் பார்த்தால்தான் காரணம் உறுதியாகும் என்பது எங்கள் தொழில் விதி. உறுதியாயிற்று. அதற்கு மறுநாளும் அணைத்தேன். அந்த இரண்டாம் நாளுக்கு எந்த விதியும் இல்லை. திடீரென்று கோளாறு நின்றுபோனால் என் தாள் என்ன ஆவது என்று நினைத்தேன். அன்றுதான் ஷெர்லின் பொறுமையிழந்து மூன்றாவது புகாரைக் கொடுத்தாள்.

எழுதிவிட்டேன். எழுதும்போது காது சுடுகிறது. வெட்கமாக இருக்கிறது.

7

இன்று சசிரேகா காலையில் வரவில்லை. "கோளாறு வர்ற நேரத்துக்குத்தான் வருவேன்" என்று ஆபீசில் சண்டை போட்டு, இரண்டே காலுக்கு வந்தாள். ஷூவைச் சுவரோடு வைத்தாள். மாடிப்படியில், மாதா படத்துக்கு எதிரே, கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான் ஹாலில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு முப்பது. கால்கள் எழுந்தன, உட்கார வைத்தேன். இரண்டு ஐம்பது. ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. மாதாவின் பல்பு பட்டப்பகலில் எரிந்துகொண்டே இருந்தது. மாடியில் ஷெர்லினின் மீட்டிங் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியது.

ரோஸி அவளுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். "இன்னிக்கு இன்னாமோ வுழல பாரு. எப்பவும் வெளக்கு போட்டாத்தான் வரும்மா. ஆறு மணிக்கு இவரு மாதாவுக்கு லைட்ட போடுவாரு, டக்குனு வந்துடும்."

சசிரேகா டீயை வாங்கினாள். பல்பைப் பார்த்தாள். பல்பின் கம்பி போகும் வழியைப் பார்த்தாள். போர்டைப் பார்த்தாள். பிறகு படிக்கட்டின் கம்பிகளுக்கு நடுவே என்னைப் பார்த்தாள். டீயைக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "சார், கேட்டாண்ட கொஞ்சம் வர்றீங்களா?" என்றாள்.

கேட்டருகில், வீட்டுக்குள் கேட்காத குரலில் பேசினாள்.

"மூணாவது கம்ப்ளெயிண்ட்டுக்குத்தான் சார் முழு லாக்கும் தருவாங்க. நெட்டு எப்பெப்ப அறுந்துச்சுன்னு செப்டம்பர்ல இருந்து அதுல கீது. ரெண்டு முப்பத்தொண்ணு, ரெண்டு முப்பது, ரெண்டு முப்பத்திரண்டு. தெனிக்கும். ஞாயித்துக்கெழம மட்டும் வுழல."

"அப்படியா."

"காந்தி ஜெயந்திக்கு வுழல. ஆயுத பூஜைக்கும் வுழல. நானும் லைன்ல இருந்தவதான் சார். கோளாறு ஆயுத பூஜைக்கு லீவு எடுத்து நான் பாத்ததில்ல."

நான் எதிரே நின்ற வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"நீங்க ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டா சார்?"

"கடைசி ஆறு வருஷம்."

அவள் சுட்டுவிரலை நீட்டி, மூடியிருந்த எங்கள் கதவைக் காட்டி, "ஆஃப், ஓகே" என்று மெதுவாகச் சொன்னாள். "எங்க கம்பெனிலயும் உண்டு சார். எங்க வூட்ல நான் இன்னும் கேஸ மூடிட்டு சொல்லுவேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். அவளுக்குக் கொஞ்சம் வந்தது.

"நம்பர் வரும் சார், உங்களுக்கு. காரணமும் கேக்கும். நானா எதையும் டைப் பண்ண மாட்டேன். நீங்க சொல்றதத்தான் போடுவேன்."

"நீயே போட்டுடலாமேம்மா. உனக்குத்தான் தெரிஞ்சுபோச்சே."

"ஒருத்தர் பேர எழுதறதுன்னா அவங்களாண்ட கேட்டுட்டுதான் சார் எழுதணும்" என்றாள். "என்னாண்ட யாரும் கேக்கல."

அப்போதுதான் கைபேசி சிணுங்கியது. நான் கண்ணாடியைத் தேடி மாடிக்கு வந்தேன்.

8

மீதி ஏழு நிமிடம். முடிவுகளை யோசித்துப் பார்க்கிறேன்.

முடிவு அ: எலி. எலி கம்பியைக் கடித்தது. இரண்டு தரப்புக்கும் பாதகமில்லை. [செயலியில் எலிக்கு இடம் இல்லை. கடித்த கம்பியும் வேண்டும். அதை நான் கடிக்க வேண்டியிருக்கும்.]

முடிவு ஆ: நான் கீழே போகிறேன், கண் கலங்க உண்மையைச் சொல்கிறேன். ஷெர்லின் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, "டாடி, உங்கள நெனச்சா பெருமையா—" [ஷெர்லின் கட்டிப்பிடிக்கிற பெண் அல்ல. அவள் சிரிப்பாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பெங்களூரில் இருக்கும் சிநேகிதிகளுக்கு அனுப்புவாள். கிறிஸ்துமஸுக்கு வரும் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "டாடி, ஆஃப், ஓகே" என்று விரலை நீட்டுவாள். நான் அஞ்சுவது இவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் இது ஒரு வரிகூட வரவில்லை. ஒரு பெண்ணின் வேலையை இதற்கு எதிரே வைத்து இவ்வளவு நேரமாக எடை போட்டுக்கொண்டிருக்கிறேன்.]

முடிவு இ: ஒன்றும் செய்யாமல் இருப்பது. நான் இப்படியே எழுதிக்கொண்டிருக்கிறேன், நேரம் முடிகிறது, கதை கலைநயத்தோடு அந்தரத்தில் நிற்கிறது. [எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. சிற்றிதழுக்கும் பிடிக்கும். ஆனால் அந்த எண் காலாவதியானால், செயலி தானாக 'எங்கள் தரப்பு' என்று எடுத்துக்கொள்ளும். அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். நான் உட்கார்ந்து எழுதும் ஒவ்வொரு பத்தியும் அவளுக்கு எதிராக ஒரு நிமிடம்.]

இன்று இணைப்பு ஒரு நொடிகூட அறவில்லை. அறுந்திருந்தால் அதன்மேல் பழி போட்டாவது எழுந்து போயிருப்பேன்.

9

இதைக் கைபேசியில், மாடிப்படி திரும்பும் இடத்தில் நின்று அடிக்கிறேன். மூன்று நிமிடம் இருக்கிறது. பல்பு எரிகிறது. பெட்டியில் புள்ளி வெள்ளையாக இருக்கிறது. இங்கிருந்து ஜன்னல் வழியாகக் கேட் தெரிகிறது. அவள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். கைபேசியைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்க்கிறாள்.

பின்னாலிருந்து ஷெர்லின் குரல் கொடுக்கிறாள்.

"டாடி, அந்த அக்கா போய்ட்டாங்களா? இன்னிக்கு செம்மயா இருக்கு நெட். அவங்க பேர் என்ன? நல்லா எழுதி அனுப்பணும்."

"சசிரேகா" என்கிறேன்.

"அப்போ இத்தன நாள் என்னதான் ப்ராப்ளமாம்?"

தாளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

ஏன் 1: இணைப்பு ஏன் அறுந்தது? – நடுப் பெட்டிக்கு மின்சாரம் போயிற்று.
ஏன் 2: ஏன் போயிற்று? – சுவிட்சை ஒருவர் தினமும் இரண்டரைக்கு அணைத்தார்.
ஏன் 3: அது எப்போதும் ஆனில் இருக்கும் சுவிட்ச் என்று ஏன் நம்பினார்கள்? – அதே ஆள் அப்படிச் சொன்னார்.
ஏன் 4: தெரிந்த பிறகும் ஏன் சொல்லவில்லை? – சிரிப்பார்கள் என்று.
ஏன் 5:

ஐந்தாவது கட்டத்தைக் காலியாக விட்டு உங்களிடம் தருகிறேன். இருபத்திரண்டு வருடம் அதை நிரப்பியவன் கைக்கு இன்று அந்தத் தகுதி இல்லை. எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள்: நாலு, பூஜ்யம், ஏழு, ஒன்று, ஒன்பது, இரண்டு. யாரிடமும் பகிர வேண்டாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது, பரவாயில்லை.

எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் எழுதுவதற்கு முன்னால், அந்தப் பெயருக்கு உரிய ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நான் இங்கே படியில்தான் நிற்கிறேன். கேளுங்கள்.